சுண்டெலிக்கு ஊர் எழுதிய முத்திரை

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், இதற்குமா படிப்பு என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். இப்போது அந்த வேலையில் இல்லை என்பதால் சிரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வயல்வெளிச் சுண்டெலியில் எங்கள் பக்கத்தில் இருக்கக்கூடியவை என்று இரண்டு இனங்களைச் சொல்வார்கள். இரண்டும் கட்டைவிரல் நீளம்தான். இரண்டுக்கும் மண் நிற முதுகு, வெளுத்த வயிறு. ஒன்றுக்கு வால் ஏறக்குறைய உடம்பளவு இருக்கும், இன்னொன்றுக்கு ஓர் அரிசி நீளம் குறைவாக இருக்கும். குட்டியாக இருந்தால் அந்த வித்தியாசமும் தெரியாது. சண்டையில் வால் நுனியைப் பறிகொடுத்த எலி என்றால் சுத்தமாகக் குழப்பிவிடும். அப்போது லென்ஸை எடுத்து, மேல்வரிசை முன்பல் நேராக இறங்குகிறதா, கொஞ்சம் முன்னால் துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் சந்தேகம் என்றால் ஒரு துளித் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் மரபணுவைப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் ஒன்றுக்கு 'அ' என்றும் இன்னொன்றுக்கு 'ஆ' என்றும் போட்டுக்கொண்டோம்.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடிவரை எந்த இடத்தில் எது இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் எங்கள் திட்டம். ஒரே ஜாடையில் இருப்பதால் முன்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் 'ஆ' இருக்கிறதா என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான் ஒரு கல்லூரியில் திட்ட உதவியாளர். வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம். ஊர்க்காரர்கள் என்னை எலி டீச்சர் என்றார்கள். டீச்சர் இல்லை என்று இரண்டு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

எங்கள் ஷெட் ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய ஆற்று மணல், இன்னொரு பக்கம் எப்போதோ தென்னந்தோப்பாக இருந்து இப்போது தலை கருகி நிற்கும் மரங்கள். கோடையில் நிலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் தோல் வாசனைதான். வெளியூரிலிருந்து வந்த எங்கள் பேராசிரியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசுவார். எனக்கு அது வீட்டு வாசனை.

என் அப்பா தோல் மண்டியில் உப்புப் போடும் வேலை பார்த்தவர். மண்டி என்றால் பச்சைத் தோல் வந்து இறங்கும் கிடங்கு. லாரி எங்கெங்கிருந்தோ வரும். ஆந்திராவிலிருந்து ஒரு கட்டு, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு. இறக்கிய கையோடு உப்புப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயிர் கழன்று தோல் கெட்டுவிடும். உப்புப் போட்டு அடுக்கியதும் கட்டுக்கு ஓர் அட்டை கட்டுவார்கள். எங்கள் மண்டியில் அந்த அட்டையில் ஊர் என்று எழுதுவது ஆடு மேய்ந்த ஊரை அல்ல, உப்புப் போட்ட ஊரைத்தான். வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்: எந்த மண்டி, யார் கை உப்பு. கல்லூரி விடுமுறைகளில் அந்த அட்டைகளை எழுதியது நான். ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். எழுதி எழுதிக் கை வலித்து, கடைசியில் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொடுங்கள் என்று முதலாளியைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

எலித் திட்டத்தில் சேர்ந்தபோதும் முதல் வேலையாக அதையே செய்தேன். ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு முத்திரை செய்துகொண்டேன். அதில் ஷெட் இருந்த கிராமம், தாலுகா, மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருந்தன. பிடித்த எலிகளில் பெரும்பாலானவற்றை அளந்து, காதோரம் துளித் திசு எடுத்துக்கொண்டு விட்டுவிடுவோம். சிலவற்றை மட்டும், அனுமதி வாங்கிக்கொண்டு, மாதிரியாக வைத்துக்கொள்வோம். அவற்றின் தோலை உரித்து, உட்புறத்தில் உப்புத் தூவி, பஞ்சடைத்துக் காயவைத்து, காலில் ஓர் அட்டை கட்ட வேண்டும். மற்ற இடங்களில் வேறு பொடி போடுகிறார்கள். எனக்கு உப்புதான் கைவந்தது. உப்பைத் தூவிய கையைத் துடைத்துவிட்டு அட்டையில் ஒரு குத்து, பதிவேட்டில் ஒரு குத்து. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேம்மா, நீட்டா இருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எலி பிடித்துத் தந்தவர் ஓர் இருளர் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களிடம் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மடக்குப் பெட்டிப் பொறிகள் இருந்தன. அவற்றில் இரண்டு நாளைக்கு ஒன்று விழுந்தால் அதிசயம். அக்கா ஒரு குட்டைக் கடப்பாரையும் ஒரு புகைச்சட்டியும் கொண்டுவந்து, வரப்பைக் குனிந்து பார்த்தபடி நடப்பார். பொந்தின் வாயில் கிடக்கும் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார். "இது காலி வூடு டீச்சர்" என்று ஒன்றைத் தாண்டிப் போவார். அடுத்ததில் நிற்பார், தோண்டுவார், எலி கையில் இருக்கும். அவர் வீடு ஆற்றங்கரையில் இல்லை. ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஓர் ஏரிக்கரையில் நாலு குடிசைகள், அதில் ஒன்று. கணவர் செங்கல் சூளைக்குப் போனவர், அங்கேயே காய்ச்சல் வந்து இறந்துவிட்டார். ஒரே பெண், விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை நர்சாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அக்கா வேறு எதையும் ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. வேலூர் ஆஸ்பத்திரிகளின் வெள்ளை உடுப்பு அவர் கண்ணிலேயே இருந்தது.

பதிவேட்டில் 'பிடித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அக்கா கையெழுத்துப் போடுவார். மகள் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக இறக்குவார். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் போடுகிறேன் என்றார்.

"அது கூடாதுக்கா. அன்னன்னிக்கு எழுதுனாத்தான் அது நெசம். நாளைக்கி எழுதுனா அது கத" என்றேன். ஏதோ பெரிய விஞ்ஞானி மாதிரி.

அக்கா சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டார்.

முதல் வருஷம் ஆற்றங்கரையில் கிடைத்ததெல்லாம் 'அ'. ஒன்றுகூட மாறவில்லை. அந்த ஐப்பசியில்தான் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வளர்ந்த எங்களுக்கு, ஆற்றில் தண்ணீர் ஓடுவதே வேடிக்கையாக இருந்தது. பாலத்தில் நின்று போனில் படம் பிடித்தோம். தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் கரையெல்லாம் சேறு. பொந்து ஒன்றும் மிச்சமில்லை.

சில வாரங்கள் கழித்து அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே ஒரு சுண்டெலி. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் என்ன பிஸ்கட் என்று கேட்டாராம்.

"ஆத்தங்கரையில ஒண்ணும் இல்ல டீச்சர், எல்லாம் அடச்சிப் போச்சி. இது எங்க ஏரிக்கர மல்லாட்டக் கொல்லையில புடிச்சது. எழுதிக்கோங்க."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை, கொல்லை என்றால் மேட்டு நிலம். "சரிக்கா, எழுதிக்கிறேன்" என்றேன்.

அளந்தேன், உரித்தேன், உப்புத் தூவினேன். கை தானாக முத்திரையை எடுத்தது. அட்டையில் ஒரு குத்து, பதிவேட்டில் ஒரு குத்து. அக்கா கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு தப்பும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஏரிக்கரை என்று ஓரத்தில் எழுத வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஏரிக்கரைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை பார்க்க வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்கடுத்த வாரம் இன்னொரு டின் வந்தது. ஓரத்தில் எழுத வேண்டும் என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் லேசாக வந்தது. மூன்றாவது டின்னுக்கு அதுவும் வரவில்லை. உப்புப் போட்டது இங்கேதானே என்று கைக்குள் எதுவோ சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். மாசிக்குள் பதினொரு எலிகள். பதினொரு முத்திரை, பதினொரு கையெழுத்து.

ஆய்வக முடிவு வந்தபோது அந்தப் பதினொன்றும் 'ஆ'.

பேராசிரியர் சுவரில் மாட்டிய வரைபடத்துக்கு முன்னால் நின்று, ஆற்றின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளத்துக்கு முன் எல்லாம் 'அ', வெள்ளத்துக்குப் பின் எல்லாம் 'ஆ'. மேற்கே எங்கிருந்தோ தண்ணீர் இவற்றை அடித்துக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறது என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. திரும்பி என்னைக் கேட்டார்.

"எல்லாம் ஷெட்டுக்குப் பக்கத்துல புடிச்சதுதானேம்மா?"

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இல்லை என்று சொன்னால் அந்தப் பதினொன்று மட்டுமல்ல, என் கை பட்ட எல்லாமே சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

"ஆமா சார்" என்றேன்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. கட்டுரை வெளிவந்தது. அதில் வண்ண வரைபடம், பாலாற்றங்கரையில் எங்கள் ஷெட் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரும் இருந்தது. ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இதான் எங்க ஏரியா டீச்சர்?"

"ஆமாக்கா."

முதல் ஆமாவைவிட இரண்டாவது எளிதாக வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு வருஷம் போனது. அக்காவின் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மதிப்பெண். நர்சிங் படிப்பில் சேர, பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அந்த இடம் கிடைக்காது. அக்காவிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. அவர் அம்மாவிடமும் இருந்ததில்லை. விண்ணப்பம் கொடுத்ததும் விசாரிக்க ஆள் வந்திருக்கிறார். அன்றைக்கு நடந்ததை அக்கா என்னிடம் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது.

"எலி புடிச்சிக் காட்டுன்னாரு டீச்சர். பத்து நிமிசத்துல புடிச்சிக் கையில குடுத்தேன். பாத்துட்டு, எலி புடிக்கிறவங்க எல்லாம் இருளரான்னு கேக்கறாரு. வேற ஆளுங்களும் பாக்க இதே மாரிதான் இருக்காங்க, இதே தொழில்தான் பண்றாங்க, நீ எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்றாரு. இன்னா சொல்றது?"

அந்தக் கேள்வியை நான் தினமும் எலியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷியை நிற்கவைத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியில் சான்றிதழ் அலுவலகத்தில் கேட்டது ஒன்றுதான். அந்த ஏரிக்கரையில் இத்தனை வருஷமாகக் குடியிருந்ததற்கு எழுத்தில் ஏதாவது கொண்டுவா, அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தருகிறோம் என்றார்கள். குடிசைகளை ஏரி ஆக்கிரமிப்பு என்று அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்த தாளெல்லாம் வெள்ளத்து மழையில் பெட்டியோடு போயிருந்தது. ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய முகவரி, கலவை என்ற ஊர்ப் பக்கம். பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் விடுதி இருந்த ஊர். அப்போதுதான் அக்காவுக்கு எங்கள் பதிவேடு ஞாபகம் வந்திருக்கிறது. தேதியோடு, இடத்தோடு, தன் கையெழுத்தோடு, ஒரு முறை இரு முறை அல்ல, பதினொரு முறை. என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். நான் வாணியம்பாடிப் பக்கம் பொறி வைக்கப் போயிருந்தேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்று கெஞ்சியதால், அலுவலகத்தில் அந்தப் பக்கங்களை நகலெடுத்து, கல்லூரி முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

நாலாம் நாள் அக்கா திருப்பி அனுப்பப்பட்ட தாள்களோடு என் முன்னால் நின்றார். மகளும் கூட வந்திருந்தாள். மேல் தாளில் பச்சை மையில் இரண்டு வரி: மனுதாரர் அந்தக் காலத்தில் வேறு மாவட்டத்தில் வசித்ததாக அவர் அளித்த ஆவணத்திலேயே தெரிகிறது, அங்கு விண்ணப்பிக்கவும். பழைய வேலூர் மாவட்டத்தை முன்பே மூன்றாகப் பிரித்ததில் என் ஷெட் திருப்பத்தூருக்குப் போயிருந்தது. அக்காவின் ஏரி வேலூரிலேயே இருந்தது.

"இன்னா டீச்சர் இது? எங்க ஊரத்தான எழுதுனீங்க?"

பதிவேட்டை எடுத்துப் பிரித்துவைத்தேன். அக்காவுக்குப் படிக்க வராது. மகள் படித்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எல்லா வரியிலும் ஒரே ஊர். படித்து முடித்ததும் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். நான் முத்திரையைப் பற்றிச் சொன்னேன், உப்பைப் பற்றிச் சொன்னேன், பேராசிரியரிடம் சொன்ன ஆமாவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அக்கா சத்தம் போடவில்லை. "பதினோரு தபா கையெழுத்துப் போட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பதினொரு எலிகளும் உண்மையில் ஏரிக்கரையில் பிடித்தவை என்று ஒரு கடிதம் தட்டச்சு செய்து, நானும் அவரும் கையெழுத்திட்டோம். பதிவேட்டிலும் ஒவ்வொரு முத்திரைக்குப் பக்கத்தில் ஏரிக்கரை என்று எழுதி, அன்றைய தேதி போட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டியதை எழுதி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் அக்கா, மகள், நான் மூன்று பேரும் அந்தச் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களை உட்காரவைத்தார். பெண்ணின் மதிப்பெண்ணைப் பார்த்து, பரவாயில்லையே என்றார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பதிவேட்டை ஜன்னல் பக்கம் திருப்பி, பழைய முத்திரை மையையும் நேற்றைய பேனா மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. அன்னிக்கு எழுதுனத நம்பறதா, இன்னிக்கு எழுதுனத நம்பறதா? நீங்களே சொல்லுங்க."

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பஸ்ஸைத் தவறவிட்ட அன்றைக்கு நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும், ஒரு மாதிரியின் அட்டையில் இப்படித் திருத்தம் இருந்தால் ஒதுக்கித்தான் வைத்திருப்பேன்.

மேல்முறையீடு செய்யலாம், மறு விசாரணை கேட்கலாம் என்று அதிகாரியே சொன்னார். செய்தோம். அதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது. மறு விசாரணைக்கு அழைப்பு வந்தபோது அந்தப் பெண் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஓர் ஆவணத்தில் முரண்பாடு இருப்பதால் என்று தொடங்கிய பதிலை நான் முழுதாகப் படிக்கவில்லை.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினோம். புதிய இடத்தில் மீண்டும் பிடித்துக் காட்டாமல் புள்ளியை நகர்த்த முடியாது என்று பதில் வந்தது. அது நியாயம்தான். ஏரிக்கரைக்கு வந்து இடத்தைக் காட்டச் சொல்லி அக்காவைக் கேட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நிலக்கடலைக் கொல்லை இருந்த இடத்தில் ஓர் அலங்கார வளைவு நின்றது. உள்ளே செம்மண் சாலைகள், மனை எண் எழுதிய வெள்ளைக் கற்கள். மண்ணை உருளை போட்டு அழுத்தியிருந்தார்கள். வரப்பு என்று ஒன்றுமே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இருபதாம் எண் கல்லுக்கும் இருபத்தொன்றாம் எண் கல்லுக்கும் நடுவில் கையைக் காட்டினார்.

"இங்கதான். அப்பறம் அதோ, அந்தக் கம்பம் நிக்கிற எடத்துல."

நான் குறித்துக்கொண்டேன். போனை எடுத்து அட்சரேகையும் தீர்க்கரேகையும் பார்த்தேன். ஒரு நிமிஷத்து வேலை. பழக்கதோஷத்தில் பதிவேட்டைக் கையெழுத்துக்காக நீட்டினேன். அக்கா அதைத் தொடவில்லை.

"கையெழுத்து வேணாம் டீச்சர். நீங்களே எதுனா போட்டுக்கோங்க."

அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் மூன்று நாள் அங்கே பொறி வைத்தேன். காவலாளிக்கு நான் ஒரு பேஜாராகவே இருந்திருப்பேன். இரண்டு மூஞ்சூறு விழுந்தன. ஒரு வீட்டு எலி விழுந்தது. சுண்டெலி ஒன்றுகூட இல்லை. திருத்திய வரைபடத்தில் ஏரிக்கரையில் புள்ளிக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டார்கள். ஆற்றங்கரையின் சிவப்புப் புள்ளி பழைய பிரதிகளில் அப்படியே இருக்கிறது. 'ஆ' இந்தப் பக்கத்தில் இருந்தது என்பதற்கு இன்று மிச்சம் பெட்டியில் கிடக்கும் பதினொரு பஞ்சடைத்த தோல்கள்தான். அவற்றின் காலில் என் முத்திரை இருக்கிறது. அந்த வருஷத்தோடு என் ஒப்பந்தமும் முடிந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு வேலையாக ஆம்பூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். சாயங்காலம் கம்பெனி விட்டு, வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். அக்காவின் பெண். கொஞ்சம் இளைத்திருந்தாள். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. வேலை எப்படி என்று கேட்டேன். டார்கெட் ஜாஸ்தி, மற்றபடி ஒன்றுமில்லை என்றாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள்.

"எங்க தங்கியிருக்க?"

"ஆத்தங்கரக் காலனியில டீச்சர். மூணு பேரு சேந்து ரூம் எடுத்திருக்கோம். உங்க ஷெட்டு இருந்துச்சில்ல, அதுக்குப் பின்னாடி தெரு. ஆதார்லகூட மாத்திட்டேன்."

அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்புறம் முகவரி அச்சடித்திருந்தது. கிராமம், தாலுகா, மாவட்டம். அதை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை, எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். ஆயிரம் தடவை என் கையால் குத்திய ஊர்.

"இப்ப இந்த ஊர்க்காரியாயிட்டேனே, இங்க அப்ளை பண்ணா சான்றிதழ் குடுப்பாங்களா டீச்சர்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் வாய் சும்மா இருக்காமல், இதற்காவது என் கையால் ஏதாவது எழுதித் தரட்டுமா, நடந்ததையெல்லாம் விளக்கி ஒரு கடிதம், என்று கேட்டேன்.

அவள் அட்டையைச் சுடிதாருக்குள் விட்டுக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வேணாம் டீச்சர். உங்கள எங்கயாச்சும் பாத்தா, ஒண்ணும் எழுத வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு அம்மா."